உயிலா, செட்டில்மெண்டா? நெய்வேலி வட்டாரக் குடும்பங்களின் சொத்துக் கைமாற்றம் குறித்து

கேள்வியும் களமும்

தமக்குப் பின் குடும்பம் தவித்து நிற்கக் கூடாது என்று எண்ணி ஒருவர் செய்து வைக்கும் ஏற்பாடு, அவர் உயிரோடு இருக்கும்போதே அவரையும் அவர் மனைவியையும் தவிக்க விட்டுவிடக் கூடுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. இதற்குக் களமாக எடுத்துக்கொள்ளப்படுவது கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியமும், பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே கடலூர்ச் சாலையில் உள்ள மேல்பட்டாம்பாக்கம் பேரூராட்சியைச் சூழ்ந்த பகுதியும் ஆகும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, தலைமுறை தலைமுறையாக நிலத்தை மட்டுமே சொத்தாக அறிந்திருந்த இந்த வட்டாரத்தில், மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, காப்பீடு, வங்கி வைப்பு என்று காகிதத்தில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் புதிய சொத்து வகைகள் வந்து சேர்ந்தன. நகரியத்தின் குடியிருப்புகள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்பதால், முப்பது ஆண்டுகள் ஒரே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த தொழிலாளியும் ஓய்வுக்குப் பின் அதை ஒப்படைத்துவிட்டு, வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ பண்ருட்டியிலோ, அல்லது பிறந்த ஊரில் மிச்சமிருக்கும் பூர்விக மனையிலோ வீடு கட்டிக் குடியேற வேண்டியிருக்கிறது. ஆகவே இவ்வட்டாரத்து ஊழியர் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு, பெரும்பாலும் ஓய்வை ஒட்டிய சில ஆண்டுகளில்தான் ஒரு வீடாக உருக்கொள்கிறது. அதே ஆண்டுகளில்தான் அந்த வீட்டை யார் பெயரில் எழுதுவது என்ற பேச்சும் குடும்பத்துக்குள் எழுகிறது.

இந்தப் பேச்சில் நிலவும் பொதுக்கருத்து ஒன்றுண்டு. உயில் எழுதினால் வழக்கு வரும், தான செட்டில்மெண்ட் எழுதினால் பிரச்சினை அன்றோடு முடிந்துவிடும் என்பது அது. உயில் என்பது எழுதியவர் இறந்த பிறகே உயிர்பெறும் ஆவணம். தான செட்டில்மெண்ட் என்பது பணமேதும் பெறாமல், அன்பின் பேரில், உயிரோடு இருக்கும்போதே சொத்தை மற்றொருவருக்கு உடனடியாக மாற்றிக் கொடுக்கும் பதிவு ஆவணம். பத்திர எழுத்தர்களும் உறவினர்களும் இரண்டாவதையே பரிந்துரைப்பது பரவலாகக் காணப்படும் வழக்கம். இந்தப் பரிந்துரைக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. எனினும், உயிலின் குறை நிரூபணம் சார்ந்தது, அதை முன்கூட்டியே சரிசெய்துகொள்ள முடியும் என்பதும், செட்டில்மெண்டின் குறை திரும்பப் பெற முடியாமை, அதைப் பின்னர் சரிசெய்வது மிகக் கடினம் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம். முதிய தம்பதியரைப் பொறுத்தவரை நிலவும் பொதுக்கருத்து தலைகீழாக இருக்கிறது.

உயில் வந்த வழி

உயில் மீதான அவநம்பிக்கைக்கு வரலாற்று வேர் உண்டு. பழைய இந்து தர்மசாத்திர நூல்களில், இறந்த பின் நடைமுறைக்கு வரும்படி தனியொருவர் தம் விருப்பப்படி சொத்தை எழுதி வைக்கும் முறைக்கு இடமில்லை; கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு கிடைக்கும் மிதாட்சர முறையில் அதற்குத் தேவையும் எழவில்லை. சென்னை மாகாணத்தில் 1829ஆம் ஆண்டின் 5ஆவது ஒழுங்குமுறைச் சட்டம், இந்து சட்டத்துக்கு இசையாத உயில்களுக்கு வலுவில்லை என்று அறிவித்தது. 1856இல் இலண்டன் பிரிவி கவுன்சில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் இந்துவின் உயிலெழுதும் உரிமையை ஏற்றுக்கொண்ட பிறகே நிலைமை தெளிவடைந்தது. 1870இல் இந்து உயில்கள் சட்டமும், இறுதியாக 1925இல் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் வந்தன. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, கூட்டுக்குடும்பச் சொத்தில் தமக்குள்ள பிரிபடாத பங்கைக்கூட ஒருவர் உயிலில் எழுதலாம் என்று அனுமதித்தது.

இந்தக் கடைசி அனுமதியின் முக்கியத்துவம் போதிய அளவு உணரப்படவில்லை. பூர்விக நிலத்தில் பாகம் பிரியாத பங்கை, மற்ற பங்காளிகளின் சம்மதமின்றித் தானமாக எழுதிக் கொடுத்தால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்துள்ளது. அதே பங்கை உயிலில் எழுதினால் செல்லும். தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும் நிலங்கள் ஏராளமாக உள்ள, சுரங்க விரிவாக்கத்துக்காக நிலம் கையகப்படுத்தப்படும் ஒரு வட்டாரத்தில் இது சிறிய வேறுபாடு அன்று. இழப்பீடு வழங்கும் நேரத்தில் உரிமையாளர் யார் என்பதில் தகராறு இருந்தால் தொகை உரியவர் கைக்கு வராமல் தீர்ப்பாணையத்தில் செலுத்தப்பட்டுக் காத்துக் கிடக்கும். அப்போது, பிரிபடாத பங்குக்கு எழுதப்பட்ட செட்டில்மெண்ட் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர், தம்மிடம் இருப்பது செல்லாத காகிதம் என்பதை அன்றுதான் அறிகிறார்.

ஒரே சாலை, மூன்று சட்டங்கள்

மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊரில் இப்பொருளைப் பொதுவாகப் பேசிவிட முடியாததற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கத்தின் பணி தமிழகத்தில் முதலில் வேரூன்றிய இடங்களில் இவ்வூரும் ஒன்று. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்தப் பணியின் வழிவந்தது. இஸ்லாமியரும் இந்துக்களும் கிறித்தவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இப்பகுதியில், ஒரே அளவுள்ள மூன்று வீடுகள் உயிலில்லாமல் கைமாறினால், மூன்று வெவ்வேறு சட்டங்களின்படி கைமாறும்.

இந்து ஆண் ஒருவர் உயிலின்றி இறந்தால், அவரது சுயார்ஜித சொத்து, அதாவது தம் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். மனைவிக்கே எல்லாம் வந்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. தாய்க்குக் கிடைக்கும் பங்கோ, அவர் உயிலின்றி இறக்கும்போது அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் கிளை பிரிந்து செல்லும் என்பதால், கணவன் இறந்த சில ஆண்டுகளில் மைத்துனர்களும் நாத்தனார்களும் அதே வீட்டின் பங்குதாரர்களாக நிற்க நேரிடுகிறது. மகள்களின் உரிமையில் தமிழகம் நாட்டுக்கே முன்னோடியான மாநிலங்களுள் ஒன்று: 1989 மார்ச் 25 முதல் இங்கு மகள்களும் பூர்விகச் சொத்தில் பிறப்பால் பங்குதாரர்கள் ஆயினர், ஆனால் அந்நாளுக்கு முன் திருமணமானவர்கள் விலக்கப்பட்டனர். 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. 2022 ஜனவரியில் தமிழக வழக்கொன்றில், 1956க்கு முன் இறந்த தந்தையின் சுயார்ஜித சொத்தும் மகளுக்கு வாரிசுரிமையாகச் சேரும் என்று அதே நீதிமன்றம் கூறியது. ஆயினும் சகோதரிகளிடம் சீர்வரிசையைக் காரணம் காட்டி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. சட்டம் தந்ததைக் குடும்பம் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்த வழக்கம் அநீதியானது.

கிறித்தவருக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். உயிலில்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மகன் மகள் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கு மீதி இரண்டு பங்கும் கிடைக்கும். பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு இல்லை. கிறித்தவர் எழுதிய உயில், அதன்பின் அவர் திருமணம் செய்துகொண்டால் தானாகவே ரத்தாகும். இந்துவின் உயிலுக்கு இவ்விதி பொருந்தாது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் துணைக்கோ அதே உயிலில் சொத்து எழுதியிருந்தால், கிறித்தவரைப் பொறுத்தவரை அந்தக் கொடை மட்டும் செல்லாமல் போகும். இந்துவின் உயிலில் அது செல்லாமல் போவதில்லை என்றாலும் நீதிமன்றத்தின் சந்தேகத்துக்கு இடமளிக்கும்.

இஸ்லாமியச் சட்டம் வாரிசுகளின் பங்கை முன்பே வரையறுத்துவிடுகிறது. இறுதிச் சடங்குச் செலவும் கடனும் போக எஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது. சன்னி மரபில், வாரிசாக இருப்பவர் ஒருவருக்கு உயிலில் எழுத வேண்டுமானால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். ஆகவே வாழ்நாளிலேயே கொடுத்துவிடும் ஹிபா எனும் தானமே இங்கு முக்கியமான வழியாகிறது. அறிவித்தல், ஏற்றுக்கொள்ளுதல், அனுபவத்தை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் வாய்மொழியாகச் செய்த ஹிபாவும் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. குடும்பத்தாரின் நலனுக்காகவே வக்ஃப் செய்யும் வக்ஃப்-அலல்-ஔலாத் முறையைப் பிரிவி கவுன்சில் 1894இல் முடக்கியதும், முகமது அலி ஜின்னா முன்னின்று கொண்டுவந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதை மீட்டதும் தனி வரலாறு. 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம், இம்முறை பெண் வாரிசுகளின் பங்கைப் பறிப்பதாக அமையக் கூடாது என்று விதித்துள்ளது. எனவே, செட்டில்மெண்டைவிட உயில் மேல் என்ற இக்கட்டுரையின் வாதம் இந்து, கிறித்தவக் குடும்பங்களுக்கே முழுமையாகப் பொருந்தும். இஸ்லாமியக் குடும்பங்களுக்கு அதன் எல்லை மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது.

உயிலின் குறை

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலே போதும். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்பது, எழுதுபவரின் கையெழுத்தையும், அவர் கையெழுத்திட்டதை நேரில் கண்ட அல்லது தம் கையெழுத்துதான் என்று அவர் ஒப்புக்கொள்ளக் கேட்ட இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் இடும் கையெழுத்தையுமே. சாட்சிகள் உயிலின் உள்ளடக்கத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பதிவும் கட்டாயமில்லை. நீதிமன்றம் உயிலை ஆராய்ந்து மெய்யெனச் சான்றளிக்கும் புரொபேட் என்ற நடைமுறையும், சென்னை உயர் நீதிமன்றத்தின் தொடக்கநிலை அதிகார எல்லைக்கு வெளியே, கடலூர் மாவட்டத்துச் சொத்துக்குக் கடலூர் மாவட்டத்திலேயே எழுதப்படும் உயிலுக்குக் கட்டாயமாக இருந்ததில்லை.

இந்த எளிமையே அதன் குறையாகவும் ஆகிறது. எழுதியவர் வந்து சாட்சி சொல்ல இயலாத நிலையில்தான் உயில் நீதிமன்றத்துக்கு வருகிறது. குறைந்தது ஒரு சாட்சியையாவது கூண்டில் ஏற்றி விசாரித்தே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 68ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியமின் 67ஆவது பிரிவு நிற்கிறது. உயிலால் பெரும் பயன் அடைபவரே முன்னின்று அதை எழுத ஏற்பாடு செய்திருந்தால், இயல்பான வாரிசுகள் காரணமின்றி விலக்கப்பட்டிருந்தால், கையெழுத்து நடுங்கியிருந்தால், அந்தச் சந்தேகங்களை அகற்றும் பொறுப்பு உயிலை முன்வைப்பவரையே சாரும் என்று 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியே இன்றும் அடிப்படையாக உள்ளது. முப்பது ஆண்டு பழமையான ஆவணத்துக்குச் சட்டம் தரும் நம்பகத்தன்மை உயிலுக்குக் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, உயிலின் அடிப்படையில் பட்டா மாற்றம் கேட்டுச் செல்பவரிடம் மற்ற வாரிசுகளின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ கேட்கப்படும் சூழலும் உண்டு. பொதுக்கருத்தின் பக்கம் உள்ள நியாயம் இது.

ஆனால் இக்குறைகள் ஒவ்வொன்றும் எழுதும் நாளிலேயே அடைத்துவிடக் கூடியவை. பயன்பெறாதவரும் எழுதுபவரைவிட வயதில் இளையவருமான இருவரைச் சாட்சிகளாக்குவது, அவர்களுள் ஒருவர் வழக்கமாக மருத்துவம் பார்க்கும் மருத்துவராக இருப்பது, ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தால் அதற்கான காரணத்தை ஓரிரு வரிகளில் உயிலிலேயே எழுதுவது, பின்னர் பண்ருட்டி போன்ற சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பதிவு செய்த உயில் என்பதாலேயே அது மெய்யென ஆகிவிடாது என்றாலும், எழுதியவர் நேரில் வந்து ஒப்புக்கொண்டதற்கு அது வலுவான அடையாளம். மற்றொரு பாதுகாப்பும் இதில் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் பதியப்படுகின்றன. வில்லங்கச் சான்று முதல் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுவதால் உயிலின் சுவடு அதில் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே கிடைக்கும். அதுவும் போதாது என்று கருதுபவர், உறையிட்டு முத்திரை வைத்த உயிலை மாவட்டப் பதிவாளரிடம் வைப்பில் ஒப்படைக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பதே உயிலின் ஆகப் பெரிய வலிமை. மகனின் நடத்தை மாறினால் தந்தையின் உயிலும் மாற முடியும். அந்தச் சாத்தியம் ஒன்றே வீட்டில் முதியவருக்கு இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் காத்து நிற்கிறது.

செட்டில்மெண்டின் குறை

செட்டில்மெண்டின் கவர்ச்சிக்குக் காரணம் செலவும் வேகமும். குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எழுதும் செட்டில்மெண்டுக்குத் தமிழகத்தில் சொத்து மதிப்பில் 1 விழுக்காடு மட்டுமே முத்திரைத் தீர்வை, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. கிரயப் பத்திரத்துக்கோ 7 விழுக்காடு. பதிவானதும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பட்டா மாற்றமும் எளிது, அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் முடியும். ஆனால் அந்தப் பத்திரத்தின் நடுப்பகுதியில் மரபாக இடம்பெறும் வாசகங்களை ஒருமுறை நின்று வாசிப்பது நல்லது. ‘உன்பேரில் எனக்குள்ள பிரியத்தினாலும் அபிமானத்தினாலும்’ என்று அன்பில் தொடங்கும் வாக்கியம், ‘இன்று முதல் மேற்படி சொத்தை நீயே சர்வ சுதந்திர பாத்தியமாய்ப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று நீண்டு, ‘இனி எனக்கும் எனக்குப் பின்னிட்ட வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் கிடையாது’ என்றும், ‘எக்காரணம் கொண்டும் இதை ரத்து செய்ய மாட்டேன்’ என்றும் முடிகிறது. எழுதிக் கொடுப்பவர் அதே வீட்டில் அன்றிரவும் படுத்துறங்கப் போகிறார். ஆனால் பத்திரத்தின் மொழிப்படி அந்த வீட்டில் அவருக்கு அன்று மாலையிலிருந்து எந்த உரிமையும் இல்லை. அவர் மனைவிக்கும் இல்லை. குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு வந்து, ஓய்வூதியப் பலன்களை எல்லாம் கொட்டிக் கட்டிய வீடு அது. அவர்களுக்கு வேறு வீடில்லை.

சொத்து மாற்றச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, ஏற்றுக்கொள்ளப்பட்டு முழுமையடைந்த தானத்தைக் கொடுத்தவர் தம் விருப்பப்படி ரத்து செய்வதை அனுமதிப்பதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, இதற்கு ஒரு விதிவிலக்கைத் தந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, சொத்தைப் பெற்றவர் அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமகன் ஒருவர் எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாது என அறிவிக்கலாம் என்பது அதன் 23ஆவது பிரிவு. இந்தப் பிரிவுக்கு விளக்கம் தருவதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அத்தகைய நிபந்தனை இருந்ததற்கான ஆதாரம் இல்லாவிட்டால் இப்பிரிவு பயன்படாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு கூறியது. 2025 ஜனவரியில் மற்றோர் அமர்வு, இது முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. 2025 மார்ச்சில், நாகப்பட்டினம் மாவட்டத்து வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அன்பும் பாசமும் காரணமாகக் காட்டப்பட்டிருந்தாலே பராமரிப்பு என்ற நிபந்தனை உள்ளுறையாக இருப்பதாகக் கொள்ளலாம் என்றது.

இத்தீர்ப்புகளின் போக்கு முதியவர்களுக்கு ஆறுதல் அளிப்பதே. ஆனால் அவற்றைக் காட்டி, செட்டில்மெண்ட் பாதுகாப்பானதாகிவிட்டது என்று வாதிடுவது பொருந்தாது. எழுபது வயதைக் கடந்த ஒருவர், தம் மகன் தமக்குச் சோறு போடவில்லை என்பதை அரசு அலுவலகத்தில் மனுவாக எழுதிக் கொடுத்து, அதை மெய்ப்பித்து, மேல்முறையீடுகளையும் தாங்கி நிற்க வேண்டும். இதற்கு அவருக்கு உடல்வலிமையும் மனவலிமையும் துணைக்கு ஆளும் தேவை. ஊர் அறிய மகன் மீது குறை சொல்ல மறுத்து வாய் மூடியிருக்கும் தாய்மார்கள் எந்தத் தீர்ப்பாயத்தின் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. உயிலின் குறையால் வழக்காட நேர்வது திடமுள்ள வாரிசுகளுக்கு. செட்டில்மெண்டின் குறையால் வழக்காட நேர்வது அதற்குத் திராணியற்ற பெற்றோருக்கு. இரண்டு ஆபத்துகளையும் எடை போடும்போது இந்த வேறுபாடே தீர்மானமாக அமைய வேண்டும்.

செட்டில்மெண்ட் எழுதியே தீர வேண்டிய சூழலும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கணக்கைத் தீர்ப்பதற்காகவோ, மகளின் பெயரில் வீட்டுக்கடன் பெறுவதற்காகவோ அது தேவைப்படலாம். அப்போது கணவன் மனைவி இருவருக்கும் அவர்களுள் கடைசியாக உயிரோடு இருப்பவரின் ஆயுள்வரை குடியிருக்கவும் வாடகை பெறவும் உரிமையை நிறுத்திக்கொண்டு எழுதுவது சட்டப்படி செல்லும். அனுபவத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு உரிமையை மட்டும் மாற்றும் தானம் செல்லத்தக்கதே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பராமரிப்பு நிபந்தனையையும் ஒரு பத்தியாக வெளிப்படையாக எழுதினால், 23ஆவது பிரிவு பற்றிய விவாதத்துக்கே இடமிராது. பத்திரத்தின் அச்சடித்த மாதிரியில் இவ்விரண்டும் இல்லாவிட்டால், கேட்டுச் சேர்க்க வேண்டியவை இவையே.

நாமினி என்பவர் யார்

வீட்டைப் பற்றி மாதக்கணக்கில் பேசும் குடும்பங்கள், அதே மதிப்புள்ள வைப்பு நிதியையும் காப்பீட்டையும் பற்றிப் பேசுவதே இல்லை. படிவத்தில் நாமினி பெயர் எழுதியாகிவிட்டது, அதனால் அது முடிந்த விஷயம் என்ற எண்ணமே காரணம். நாமினி என்பவர் தொகையைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவரே அன்றி அதன் உரிமையாளர் அல்லர் என்று ஆயுள் காப்பீடு குறித்து 1983இல் சர்பதி தேவி வழக்கிலும், நிறுவனப் பங்குகள் குறித்து 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. 2015இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோரை நியமித்தால் அவர்களே பயனாளிகள் என்று கூறினாலும், இது வாரிசுரிமைச் சட்டத்தையே மீறி நிற்குமா என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நியமிக்கலாம் என்ற வசதியும் உரிமையாளர் யார் என்ற கேள்வியைத் தீர்ப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளில், திருமணமாகாத இளைஞராக, தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதிக் கொடுத்த வைப்பு நிதி நியமனம், திருமணத்தோடு செல்லாததாகிவிடுகிறது. புதிய நியமனம் செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் பணியிலேயே இறந்தவரின் மனைவி, கணவனின் குடும்பத்தோடு சேர்ந்தோ அதற்கு எதிராகவோ வாரிசுச் சான்றிதழுக்கு அலைய நேர்வது தவிர்க்கக்கூடிய துன்பம். 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் மனைவிக்கு வரும் ஓய்வூதியம் மட்டும் இவற்றிலிருந்து வேறுபட்டது: அதை எந்த உயிலாலும் யாருக்கும் மாற்றி எழுத முடியாது. நியமனப் படிவமும் உயிலும் ஒன்றையொன்று மறுக்காமல் ஒரே பெயர்களைச் சொல்லும்படி செய்வது ஒரு நாள் வேலை.

அறக்கட்டளை தேவைப்படும் இடம்

அறக்கட்டளை என்றாலே கோயிலும் பள்ளியும் நினைவுக்கு வரும் தமிழ்ச் சூழலில், 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் தனிக் குடும்பங்களுக்காகவே இயற்றப்பட்டது என்பது அதிகம் அறியப்படவில்லை. சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை அறங்காவலரிடமும், அதன் பயனைக் குறிப்பிட்ட பயனாளியிடமும் பிரித்து வைப்பதே இதன் சாரம். அசையாச் சொத்தைக் கொண்டு வாழ்நாளில் அமைத்தால் பதிவு கட்டாயம்; உயிலிலேயே அமைக்கவும் செய்யலாம்.

ஓய்வுபெற்ற தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு வருமான வரியைக் குறைக்கும் உத்தியாக இதைப் பரிந்துரைக்கும் ஆலோசனைகளை ஏற்பதற்கில்லை. பயனாளிகளின் பங்கை அறங்காவலர் விருப்பத்துக்கு விடும் தனியார் அறக்கட்டளையின் வருமானத்துக்குப் பொதுவாக உச்ச விகிதத்திலேயே வரி விதிக்கப்படுகிறது. ஆனால் ஓரிடத்தில் இதற்கு மாற்று இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்ற நிலையில் உள்ள மகனோ மகளோ, பெற்றோர் இருவரும் மறைந்த பின் கையில் வரும் சொத்தைத் தாமாக நிர்வகிக்க இயலாது. செட்டில்மெண்டும் சாதாரண உயிலும் அப்பிள்ளையை உரிமையாளராக்கி, அதே மூச்சில் ஏமாற்றப்படவும் விட்டுவிடுகின்றன. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவின் வழியாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமித்துக்கொண்டு, உயிலின் வழி ஒரே ஓர் அறக்கட்டளையை அப்பிள்ளைக்காக அமைத்தால், உச்ச விகித வரியிலிருந்து அதற்கு விலக்கும் உண்டு. நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் கிடைக்க 1995ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே வழி இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அறங்காவலர் யார் என்பதில்தான் இத்திட்டம் நிற்கும் அல்லது சரியும். 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தம் பெருஞ்செல்வத்தைத் தெய்வப் பணிகளுக்கும் அறங்களுக்கும் உயிலில் எழுதி வைத்தார். பொறுப்பேற்றவர்களும் உறவினர்களும் உரிமை கோரியவர்களும் சென்னை உச்ச நீதிமன்றத்தில் நீண்டகாலம் வழக்காடிய பிறகு, அந்த நிதியிலிருந்து 1842இல் பள்ளி எழுவதற்குள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கல்விக்கு அந்தக் காலதாமதம் பொறுத்துக்கொள்ளத்தக்கதாக இருந்திருக்கலாம். மாதந்தோறும் மருந்து வாங்க வேண்டிய ஒரு பிள்ளைக்கு அப்படி இல்லை. எனவே ஒருவரை மட்டும் நம்பாமல், தாய்வழி உறவில் ஒருவர், தந்தைவழி உறவில் ஒருவர், வெளியார் ஒருவர் என மூவரையும், அவர்களுக்குப் பின் வருவோரை நியமிக்கும் முறையையும் அறக்கட்டளை ஆவணத்திலேயே எழுதுவது அவசியம்.

மனைவியின் உயில்

இத்துறை எழுத்துகள் பெரும்பாலும் கணவனின் உயிலையே பேசுகின்றன. தமிழக உயில்களில் மிகப் பரவலான ஓர் அமைப்பு, மனைவி ஆயுள் உள்ளவரை அனுபவித்து, அவருக்குப் பின் மகன்கள் முழு உரிமை அடைய வேண்டும் என்பது. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகத் தரப்பட்ட வரம்புரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி முழு உரிமையாக விரிந்துவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் வந்த தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டதால், 2024 டிசம்பரில் இக்கேள்வி பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. அந்த அமர்வு முடிவு சொல்லும்வரை இந்த அமைப்பில் எழுதப்படும் ஒவ்வோர் உயிலும் ஒரு வழக்கின் விதையைச் சுமந்தே நிற்கிறது. மனைவியை நம்பி முழு உரிமையையும் அவருக்கே எழுதுவது சட்டத்திலும் எளிது, அவருடைய முதுமைக்கும் பாதுகாப்பு.

நகரியத்தின் பள்ளிகளிலும் மருத்துவமனையிலும் அலுவலகங்களிலும் பணியாற்றிய பெண்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடுமையானது. குழந்தையற்ற இந்துப் பெண் ஒருவர் கணவனுக்குப் பின் உயிலின்றி இறந்தால், அவர் சொந்தச் சம்பளத்தில் சேர்த்த சொத்தும் 15ஆவது பிரிவின்படி முதலில் கணவனின் வாரிசுகளுக்கே போகும். அவரைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்த தாய்தந்தையர் அதற்கு அடுத்த வரிசையில்தான் நிற்கிறார்கள். மணமான சில மாதங்களில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டுத் தாய்வீட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணின் சேமிப்புக்குக்கூட இதே விதி பொருந்தும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுதாபம் சட்டத்தை மாற்றாது என்பதே அதன் நிலைப்பாடு. சட்டத்தை மாற்ற வேண்டிய நாடாளுமன்றம் அதன்பின்னும் அப்பிரிவைத் திருத்தவில்லை. 2025 நவம்பரில் அதே நீதிமன்றம், இந்துப் பெண்கள், குறிப்பாகக் கணவனோ பிள்ளைகளோ இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு உடனடியாக உயில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தது. அப்படி எழுதப்படும் உயிலை 15ஆவது பிரிவு தடுப்பதில்லை. உயில் இல்லாத சொத்தின் மீது மட்டுமே அதன் ஆட்சி செல்லும்.